வலி நின்றது; நோய் நின்றதா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆயினும் பல்லின் அருமை அது நலமாய் இருக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. விடுதியின் விளக்குகளெல்லாம் அணைந்தபின், நள்ளிரவில் கடைவாய்ப்பல் ஒன்று சுண்டி இழுக்கத் தொடங்கும்போதுதான் தெரிகிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் நேர்ந்தது. தன் பெயரை எழுத வேண்டாம் என்றும், தன் கதையை எழுதலாம் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் இரவு தண்ணீர் குடித்தபோது வலித்தது. இரண்டாம் நாள் இரவு ஒன்றும் குடியாமலே வலித்தது. விடுதிச் சகோதரி சமையலறையிலிருந்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு அவளும் தூங்கவில்லை, பக்கத்துப் படுக்கையில் இருந்த நாங்களும் தூங்கவில்லை. நான்காம் நாள் காலையில் வலி மாயமாய் மறைந்துவிட்டது! "கிராம்பு கைகொடுத்துவிட்டது" என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பல் மருத்துவரிடம் போகும் பேச்சும் அத்துடன் நின்றுவிட்டது.

இரண்டு மாதங்கள் சென்றன. அரையாண்டுத் தேர்வில் கணிதத் தாள் எழுத வேண்டிய காலைப்பொழுதில் அவள் கண்ணாடி முன் நின்று அழுதாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. அவள் தேர்வு மண்டபத்திற்குச் செல்லவில்லை, மருத்துவமனைக்குச் சென்றாள்.

அங்கே மருத்துவர் சொன்ன "ரூட் கேனால்" என்ற சொல்லே எங்களுக்கெல்லாம் ஓர் அச்சத்தை உண்டாக்கிற்று. அது என்ன? எதற்காகச் செய்கிறார்கள்? பிடுங்கிவிட்டால் ஆகாதா? அவளுக்குத் துணையாகப் போய்வந்தபோது மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் நம் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் வண்ணம் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல் என்பது வெறும் கல் அன்று. அது உயிருள்ள உறுப்பு. வெளியே நாம் காணும் வெண்மையான பகுதி எனாமல். நம் உடலிலேயே மிகவும் கடினமான பொருள் அதுவே. அதற்கு அடுத்த அடுக்கு டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், ஒரு சிறு அறை இருக்கிறது. அந்த அறையில் மிருதுவான பற்கூழ் நிறைந்திருக்கிறது. பற்கூழில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் உள்ளன. அறையிலிருந்து வேரின் நுனிவரை மெல்லிய குழாய்போலச் செல்லும் வழிக்குத்தான் வேர்க்கால்வாய் என்று பெயர். வேர் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாகவே பல்லுக்கு இரத்தமும் உணர்ச்சியும் வந்து சேர்கின்றன.

எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் கால்வாய்கள் இல்லை. மேல் முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர்களும் மூன்று கால்வாய்களும் இருக்கும். மேல் முதற் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். கால்வாய்களோ பலருக்கு நான்கு. எங்கள் தோழிக்கு நோய் வந்தது அந்த மேல் கடைவாய்ப்பல்லில்தான். முன்பல்லுக்குச் சிகிச்சை சீக்கிரம் முடிவதும், கடைவாய்ப்பல்லுக்கு நேரமும் செலவும் கூடுவதும் இதனால்தான்.

வலி ஏன் வருகிறது? ஏன் தானாகவே நிற்கிறது?

நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள கிருமிகளும் உண்கின்றன. உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைத்துக் குழியாக்குகிறது. இதைத்தான் சொத்தை என்றும் பூச்சிப்பல் என்றும் சொல்கிறோம். உண்மையில் பல்லில் பூச்சி எதுவும் இல்லை. குழி எனாமல் அளவில் இருக்கும்போது வலிப்பதில்லை. டென்டினை எட்டும்போது குளிர்ச்சியும் இனிப்பும் கூசும். அப்போதே சென்றால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

அப்போதும் போகாவிட்டால் கிருமிகள் பற்கூழை எட்டுகின்றன. நம் கையில் முள் தைத்தால் அந்த இடம் வீங்குகிறதல்லவா? அதுபோலப் பற்கூழும் வீங்க முயல்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருப்பதோ கடினமான சுவர். வீங்க இடமில்லாததால் அழுத்தம் கூடுகிறது, நரம்பு துடிக்கிறது. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டம் மிகுவதால் இரவில் வலியும் மிகுகிறது. "பகலெல்லாம் பரவாயில்லை, படுத்தால்தான் கொல்கிறது" என்று நோயாளிகள் சொல்வதன் காரணம் இதுவே.

இந்த நிலையில் பற்கூழ் மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. நரம்பு செத்தபின் வலியை யார் உணர்த்துவது? ஆகவே வலி நின்றுவிடுகிறது. நாம் குணமாயிற்று என்று எண்ணுகிறோம். ஆனால் காவற்காரன் இறந்த வீட்டில் திருடர்கள் உலவுவதுபோல, கிருமிகள் கால்வாய் வழியே இறங்கி வேர் நுனியைக் கடந்து தாடை எலும்பை அடைகின்றன. அங்கே எலும்பு சிறிது சிறிதாய்க் கரைந்து சீழ் சேர்கிறது. சிலருக்கு அந்தச் சீழ் ஈறில் ஒரு சிறு கொப்புளமாய் வந்து உடைந்து வடிந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு வலியே தெரியாது. வேறு சிலருக்கு ஒரே இரவில் கன்னம் வீங்கிவிடும்.

எங்கள் தோழிக்கு நான்காம் நாள் காலையில் வலி நின்றதன் பொருள் இதுதான். கிராம்பு அவளைக் குணப்படுத்தவில்லை. கிராம்பிலுள்ள யூஜெனால் என்ற பொருள் வலியைச் சற்று மரக்கச் செய்யும் என்பது மெய்யே. பல் மருத்துவர்களும் சில மருந்துகளில் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அது கிருமியை அகற்றாது. சிலர் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கிறார்கள், புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். இவை ஈறைப் புண்ணாக்குமேயன்றி வேறு நன்மை செய்யா.

வலி நம்மை இருமுறை ஏமாற்றும். இது முதலாவது ஏமாற்றம். இரண்டாவதைப் பின்னர் கூறுகிறோம்.

மாத்திரை போதாதா?

"கிருமிதானே, மாத்திரை தின்றால் சாகாதா?" என்று நாங்களும் கேட்டோம். மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலந்துதான் நோயுள்ள இடத்தை அடைய வேண்டும். பற்கூழ் செத்துவிட்ட பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. பின் மருந்து எப்படி உள்ளே போகும்? வீக்கமும் காய்ச்சலும் இருக்கும்போது, நோய் பரவாதிருக்க மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து தருவதுண்டு. ஆனால் நோயின் ஊற்று பல்லுக்குள் அப்படியே இருக்கிறது. கால்வாயைச் சுத்தம் செய்தால் ஊற்று அடைபடும்; அல்லது பல்லையே எடுத்துவிட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

பிடுங்கிவிட்டால் என்ன?

"ஒரு பல் தானே, போனால் போகட்டும்" என்று நினைப்போர் பலர். குழந்தைக்கு ஏறத்தாழ 6 வயதாகும்போது, பால்பற்களுக்கெல்லாம் பின்னால் முதற் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. ஆகவே தாய்மார் பலர் அதையும் பால்பல் என்று கருதி, "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுதும் உணவை அரைக்க இறைவன் தந்த முதன்மையான அம்மிக்கல் அதுவே. வாயில் நெடுங்காலம் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். அன்னையர் இதனை மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

பல்லை எடுத்த இடம் வெற்றிடமானால் பக்கத்துப் பற்கள் அதன்பால் சாய்கின்றன. எதிர்த் தாடையிலுள்ள பல் கீழிறங்குகிறது அல்லது மேலெழுகிறது. அவ்விடத்துத் தாடை எலும்பும் தேய்கிறது. இடுக்குகளில் உணவு தங்கி மேலும் சொத்தை உண்டாகிறது. செயற்கைப் பல் கட்டலாம். ஆனால் அதற்கும் செலவுண்டு. அது எவ்வளவு நன்றாக அமைந்தாலும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது.

இருப்பினும் எல்லாப் பற்களையும் காப்பாற்ற முடியும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டாலோ, அடைப்பதற்குச் சுவரே இல்லாமல் பல் கரைந்துவிட்டாலோ எடுப்பதே நல்லது. அதைக் கண்டு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மேல்பல்லும் கண்ணும்

தோழியின் தாயார் ஊரிலிருந்து பதறி ஓடிவந்தார். "சிஸ்டர், மேல்பல்லுல கை வச்சா கண்ணு நரம்புல பட்டுடும்னு எல்லாரும் சொல்றாங்களே! பொம்பளப் புள்ள, கண்ணு போயிட்டா என்ன பண்ணுவேன்?" என்று கலங்கினார். இந்த அச்சம் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு.

பார்வைக்கான நரம்பு வேறு. பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணின் பின்புறமிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. பற்களுக்கான நரம்பு முகத்திற்கு உணர்ச்சி தரும் தனி நரம்பின் கிளை. ஆகவே மேல்பல்லுக்குச் செய்யும் சிகிச்சையால் பார்வை கெடாது. அந்தத் தாயிடம் மருத்துவர் பொறுமையாய்ச் சொன்னார்: "அம்மா, உங்க பொண்ணோட கண்ணை மூட வச்சது வைத்தியம் இல்ல. வைத்தியம் பண்ணாம விட்டதுதான்." மேல்பல்லின் சீழ் கன்னத்தில் பரவி இமை வரை வீங்கியிருந்ததை அவரும் கண்ணாரக் கண்டார், சம்மதித்தார்.

இன்னொரு வதந்தியும் உண்டு. வேர்ச் சிகிச்சை செய்த பல் உடம்பெல்லாம் விஷத்தைப் பரப்பும் என்பார்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், வாயிலுள்ள நோய்க்கிருமிகளே பற்பல வியாதிகளுக்குக் காரணம் என்று கூறினார். அதன் விளைவாக மேலை நாடுகளில் எண்ணற்ற மக்களின் பற்கள் வீணே பிடுங்கப்பட்டன. பற்களை எல்லாம் எடுத்தபின்னும் வியாதிகள் தீராததைக் கண்டு மருத்துவ உலகம் அக்கொள்கையைக் கைவிட்டது.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

முதலில் மருத்துவர் பல்லைத் தட்டிப் பார்க்கிறார். குளிர்ந்த பொருளை வைத்து உணர்ச்சி உண்டா என்று சோதிக்கிறார். பிறகு எக்ஸ்ரே எடுக்கிறார். எக்ஸ்ரே கதிர்களை ரான்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-இல். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1899-இல் வேர்க்கால்வாயின் நீளத்தை அறிய அதைப் பயன்படுத்தினார். அக்கதிர்களின் தீமை அப்போது எவருக்கும் தெரியாது. தம் கையாலேயே படத்தகட்டைப் பிடித்துப் பிடித்து, அவர் விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார். இன்று பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் கதிர் மிக மிகச் சொற்பம், அஞ்ச வேண்டுவதில்லை. நாம் அச்சமின்றி இருக்கையில் அமர்வதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் துன்பமும் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

அடுத்து ஊசி போட்டு அவ்விடத்தை மரத்துப்போகச் செய்கிறார்கள். நாங்கள் அஞ்சியது இந்த ஊசிக்குத்தான். எறும்பு கடித்தாற்போல் ஒரு நொடி. பிறகு உதடு தடித்ததுபோல் ஓர் உணர்வு. அவ்வளவே என்று எங்கள் தோழி கூறினாள். ஆனால் ஒன்று: கடுமையாக வீங்கிச் சீழ் பிடித்த பல்லில் மரப்பு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. வலி முற்றியபின் செல்பவர்கள் "எனக்கு ரொம்ப வலித்தது" என்று சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்துவது இதனால்தான். சீக்கிரம் செல்பவர்களுக்கு வலி குறைவு. நடுவே வலித்தால் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் மேலும் மருந்து தருவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை; பொறுக்கவும் முடியாது, வாய் திறந்தல்லவா இருக்கிறது!

பிறகு பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பைப் போடுகிறார்கள். 1864-இல் சான்போர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். எச்சிலிலுள்ள கிருமிகள் கால்வாய்க்குள் போகாமலும், சிறு கருவிகள் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது.

இனி, பல்லின் மேற்புறத்தில் ஒரு சிறு வாயில் திறந்து, செத்த பற்கூழை அகற்றுகிறார்கள். கால்வாயின் சுவரை மெல்லிய அரங்களால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். 1838-இல் எட்வர்ட் மேனார்ட் என்பவர் கடிகாரத்தின் வில்லை அராவி இத்தகைய கருவி ஒன்றைச் செய்தாராம்! இன்றுள்ள அரங்களுக்கு எண்களும் நிறங்களும் உண்டு. 15 என்ற எண்ணுடைய அரத்தின் நுனி 0.15 மில்லிமீட்டர் பருமன். அதன் பிடி வெள்ளை நிறம். 20-க்கு மஞ்சள், 25-க்குச் சிவப்பு. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமுள்ள பல்லுக்குள், தலைமுடிபோன்ற வழியில், நுனி தாண்டாமலும் நுனிக்கு முன்னே நின்றுவிடாமலும் அரத்தைச் செலுத்த வேண்டும். பொறுமையான கைவேலை அது! நம் தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோப்பதற்கே நாம் எவ்வளவு சலித்துக்கொள்கிறோம்!

அரம் எட்டாத மூலைகளைச் சோடியம் ஹைபோகுளோரைட் என்ற கரைசல் கொண்டு கழுவுகிறார்கள். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும், முதல் உலகப் போரில் வீரர்களின் காயங்களைக் கழுவப் பயன்பட்டதும் இதுவே. சீழ் மிகுதியாயிருந்தால் அன்றே மூடாமல், கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புகிறார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியற்படி இதே பொருள்தான். அதற்காக வீட்டுச் சுண்ணாம்பை எவரும் பல்லில் வைத்துவிடலாகாது, வாய் வெந்துவிடும்.

ஒரு மரத்தின் பால்

கால்வாய் முழுதும் சுத்தமானபின் அதை வெறுமையாய் விட முடியாது. வெறுமையான இடத்தில் கிருமிகள் மறுபடியும் குடியேறிவிடும். ஆகவே கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அதை நிரப்புகிறார்கள். மலேயத் தீபகற்பக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து அது கிடைக்கிறது. நம் ஊர் இலுப்பையும் மகிழமரமும் சப்போட்டாவும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அம்மரமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இட்டதும் இதைத்தான். கடல்நீர் புகாதபடி கம்பியைக் காத்த அதே பொருள், இன்று எச்சில் புகாதபடி நம் பல்லைக் காக்கிறது. படைப்பின் ஒவ்வொரு பொருளிலும் இறைவன் எத்தனை நன்மையை மறைத்து வைத்திருக்கிறார் என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா?

இரண்டாவது ஏமாற்றம்

முதல் நாள் சிகிச்சை முடிந்த அன்றிரவே எங்கள் தோழி நிம்மதியாய்த் தூங்கினாள். இரண்டு மூன்று நாளில் வீக்கமும் வடிந்தது. அவள் தாயார், "இப்பத்தான் நல்லாயிடுச்சே சிஸ்டர். இன்னும் மூணு தடவ பஸ்ஸுக்கும் வைத்தியத்துக்கும் எதுக்குச் செலவு?" என்றார். அவர் கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைப்பவர். அவர் கேட்டதில் குற்றமில்லை.

விடுதிச் சகோதரி புன்னகையோடு, "வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிட்டு அப்படியே விட்டுட்டா, மழைத்தண்ணி நிக்காதாம்மா?" என்று கேட்டார். அந்தத் தாயும் சிரித்துவிட்டார். "நிக்கும் சிஸ்டர். முடிச்சிடலாம்" என்றார்.

இதுதான் வலி நம்மை ஏமாற்றும் இரண்டாவது முறை. முதல் நாளிலேயே வலி போய்விடுவதால் பலர் மறுபடி செல்வதே இல்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். அது தேய்ந்து, இடுக்கு வழியே எச்சில் இறங்கினால், முன்னிலும் கேடான நிலையில் நோய் திரும்பும். அப்போது மரத்த பல் எச்சரிக்கவும் செய்யாது. அதுவரை செலவழித்த பணமும் வீண், பல்லும் போய்விடும். பாதிச் சிகிச்சையைவிடக் கேடு வேறில்லை.

கேப் எதற்கு?

சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு "கேப்" என்னும் உறை போடும்படி மருத்துவர் சொல்வார். அது அழகுக்காக அன்று. சொத்தையாலும் சிகிச்சையாலும் அந்தப் பல் தன் உடம்பில் பெரும்பகுதியை இழந்திருக்கிறது. முறுக்கையோ கரும்பையோ ஓங்கிக் கடித்தால் அது பிளந்துவிடலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதே கதி. முன்பற்களுக்கு அழுத்தம் குறைவாதலால், பல் பெரிதும் சேதமடையாதிருந்தால் சிலருக்கு அடைத்தாலே போதும். உறை போடும்வரை அப்பக்கம் கடினமானவற்றைக் கடிக்கலாகாது. ஒவ்வொரு முறை சிகிச்சைக்குப் பின்னும் சில நாட்கள் கடிக்கும்போது சற்று வலி இருப்பது இயல்பே. மருத்துவர் தந்த மாத்திரையால் தீரும்.

சொல்ல வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

மருத்துவரிடம் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், இருதய வால்வுக்குச் செய்துகொண்ட அறுவை, இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், ஏதேனும் மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாய்மையுற்றிருக்கும் பெண்கள் அதைச் சொல்லிவிட்டால், தக்க காலத்தில், தக்க மருந்துகளோடு சிகிச்சை செய்வார்கள். வலியோடு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? எத்தனை முறை வர வேண்டும்? உறை உட்பட மொத்தச் செலவு என்ன? இவற்றை முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவு அன்று. மொத்தச் செலவும் தெரியாமல் தொடங்குவதால்தான் பல குடும்பங்கள் பாதியில் நிறுத்த நேர்கிறது. வசதி குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னையில் 1953-இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளில், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் சற்றுக் கூடுதலாகும்; அவ்வளவுதான்.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத நிலையும் ஒன்றுண்டு. வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால், காய்ச்சல் கண்டால், வாய் திறக்க இயலாவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், இரவென்றும் பகலென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல்லில் தொடங்கிய நோய் உயிரைக் கொண்டுபோவதும் உண்டு.

விளையாட்டில் அடிபட்டால்

சொத்தையின்றியும் பற்கூழ் சாகலாம். வளையப்பந்து ஆடும்போது விழுந்து முன்பல்லில் அடிபட்டவர்கள் நம்மில் இல்லையா? மாதங்கள் கழித்து அந்தப் பல் மட்டும் கறுத்துப்போனால், உள்ளே பற்கூழ் செத்திருக்கக்கூடும். காட்டிவிடுவது நல்லது. நிலைப்பல் முழுதுமாய் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்புறத்தைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் மெல்லக் கழுவி, அதன் இடத்திலேயே பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும். வேர் முழுதும் வளர்ந்த பல்லாயின், அது மறுபடி பிடித்துக்கொண்டாலும் சில நாட்களில் வேர்ச் சிகிச்சை தேவைப்படும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தலாகாது.

முடிவுரை

கி.பி. 249-ஆம் ஆண்டு, எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில், அப்போலோனியா என்ற முதிய கன்னிப் பெண்ணைப் பகைவர்கள் பிடித்து, தாடையில் அடித்து அவர் பற்களையெல்லாம் உடைத்தார்கள். விசுவாசத்தை மறுக்கும்படி நெருப்பின் முன் நிறுத்தினார்கள். அவர் மறுக்கவில்லை, உயிரைத் தந்தார். அந்நகரின் ஆயராயிருந்த புனித தியோனீசியு எழுதிய கடிதத்தால் இச்செய்தியை நாம் அறிகிறோம். பல்நோயால் வருந்துவோரின் பாதுகாவலியாகத் திருச்சபை அவரைப் போற்றுகிறது. பிப்ரவரி 9 அவரது திருநாள்.

புனிதையின் பற்களைப் பகைவர் உடைத்தனர். நம் பற்களை நம் சோம்பலும் அச்சமுமே உடைக்கின்றன. வேண்டுதலோடு நம் கடமையையும் செய்ய வேண்டுமன்றோ? காலையில் மட்டுமின்றி இரவு படுக்குமுன்னும் புளூரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவோம். இடைவேளை தோறும் மிட்டாய் மெல்லும் வழக்கத்தை விடுவோம். பல் கூசத் தொடங்கிய நாளிலேயே வீட்டிலோ விடுதியிலோ வாய்திறந்து சொல்வோம்.

எங்கள் தோழி விட்டுப்போன கணிதத் தாளைப் பின்னர் தனியே எழுதினாள். நான்கு முறை சென்று சிகிச்சையை முடித்து, உறையும் போட்டுக்கொண்டாள். இப்போது விடுதியில் எவளாவது, "பல் வலித்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று சொன்னால் அவள் விடுவதில்லை. "வலி நின்னதா, நோய் நின்னதா?" என்று கேட்டு, கையைப் பிடித்து விடுதிச் சகோதரியிடம் இழுத்துச் சென்றுவிடுகிறாள். அந்தக் கேள்வியையே நாங்களும் உங்கள் முன் வைத்து விடைபெறுகிறோம்.